அடுக்களையும் மேனி நலமும்

(தில்லியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் மாதர் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கியமும் இசையும் மணக்கின்ற இம்மேடையில், பாசிப்பயற்று மாவைப் பற்றியும் நல்லெண்ணெயைப் பற்றியும் பேச நாங்கள் வந்திருக்கிறோம். கம்பன் கவிநயம் கேட்டுச் சுவைத்த செவிகளுக்கு இஃது எளிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும் எங்கள் பிரிவின் மாதக் கூட்டங்களில், சமையற் குறிப்புக்கு அடுத்தபடியாக மிகுதியும் பேசப்படுவது, முகத்திற்கு எதைப் பூசலாம், கால் வெடிப்புக்கு எது நல்லது என்பதேயாகும். ஒருவர் சொன்னதை மற்றொருவர் செய்கிறார். செய்தவருள் சிலர் நன்மை அடைகிறார். சிலர் துன்பம் அடைகிறார். எனவே, நாங்கள் செய்து பார்த்துக் கண்ட நன்மைகளையும், பட்டுத் தெளிந்த தவறு ஒன்றையும் ஒளியாமல் எடுத்துரைப்பது கடமை எனக் கருதினோம்.

கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர்விகாரிலும் வாழும் நம்மவர் குடும்பங்கள், ஊரிலிருந்து வரும்போது பாத்திரம் பண்டங்களோடு பாட்டிமாரின் பழக்கங்களையும் கொண்டு வந்தன. ஆனால் ஊரின் காற்றைக் கொண்டுவர இயலவில்லை. கடலோரக் காற்றின் ஈரத்தில் வளர்ந்த தோல், இங்கே மே, ஜூன் மாதங்களில் 'லூ' என்னும் அனற்காற்றில் காய்கிறது. ஜனவரியில் வறண்ட குளிரில் வெடிக்கிறது. கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. குளிர்கால இரவில் அது 7 டிகிரிக்கு இறங்கும். சில நாட்களில் அதற்கும் கீழே போகும்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரி அளவில் உறையும் இயல்புடையது. ஆகவே கார்த்திகை பிறந்தவுடன் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் புட்டி கல்லாகிவிடுகிறது. புதிதாக வந்த மருமகள் புட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருப்பதும், மாமியார் அதை வெயிலில் வை என்பதும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி. அந்தப் புட்டியே நமக்கு முதற் பாடம் கற்பிக்கிறது. இடம் மாறினால் முறையும் சிறிது மாறவேண்டும். குளிர்காலத்தில் உறையாத நல்லெண்ணெயை மேனிக்கும், உறைந்த தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் உருக்கி உதட்டுக்கும் குதிகாலுக்கும் பயன்படுத்தினால் இரண்டும் நமக்குத் துணையாகும்.

மேனியைப் பேணுவது புதுநாகரிகம் என்று எண்ணுவோர் சிலப்பதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கடலாடு காதையில், மாதவி நீராடுவதற்குப் பத்து வகைத் துவர்களும், ஐந்து வகை விரைகளும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் ஊறிய நீரை இளங்கோவடிகள் கூறுகிறார். அந்தப் பெருவழக்கின் எளிய எச்சமாகவே திருமணத்தில் நாம் வைக்கும் நலங்கினைக் கொள்ளலாம். நம் அண்டை வீட்டாராகிய பஞ்சாபியரும் மணநாளுக்கு முன் கடலைமாவும் மஞ்சளும் எண்ணெயும் குழைத்து 'உப்டன்' பூசுகிறார்கள். நம் காலனியில் 'பீஜி' என்று அனைவரும் அழைக்கும் பஞ்சாபி மூதாட்டியும் எங்கள் பிரிவின் மூத்த உறுப்பினர் ஒருவரும், பொதுமொழி அதிகமின்றியே, மஞ்சளின் அளவைப் பற்றி ஒரு மாலை முழுவதும் உரையாடியதை நாங்கள் கண்டு மகிழ்ந்திருக்கிறோம்.

இனி, எதை எதற்குப் பூசுவது என்று சொல்லுமுன், தோலின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். தோலின் மேற்புறம் செங்கல் அடுக்கிய சுவரைப் போன்றது. செல்கள் செங்கற்கள், அவற்றின் இடையிலுள்ள கொழுப்பு, சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சாந்து இருக்கும்வரை உள்ளிருக்கும் நீர் வெளியேறாது. வெளியிலுள்ள கிருமி உள்ளே புகாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதும், நாளைக்கு இருமுறை சோப்பினால் தேய்ப்பதும் அந்தச் சாந்தினைக் கரைத்துவிடுகின்றன. மேலும், ஆரோக்கியமான தோல் சிறிது புளிப்புத் தன்மையுடையது. அமிலமும் காரமும் அளக்கும் அளவுகோலில் அதன் எண் ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றின் எண் ஏறத்தாழ 2. சோப்பின் எண் 9 அல்லது 10. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

முதலாவது, எண்ணெய்க் குளியல். வாரம் ஒருமுறை நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, தலை முதல் பாதம் வரை தேய்த்து, அரைமணி நேரம் ஊறி, சீயக்காய் தேய்த்துக் குளிப்பது நம் முன்னோர் வழக்கம். சீயக்காயில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் உண்டு. ஆதலால் அது எண்ணெயை அளவாக நீக்குகிறது. தில்லிக் குளிரில் இதனுடன் ஒரு திருத்தம் வேண்டும். அன்றாடக் குளியலுக்குப் பின் துண்டால் மேனியை ஒற்றி, ஈரம் முற்றும் காயுமுன், சில துளி எண்ணெயைக் கைகால்களில் தடவிக்கொள்ள வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளேயே காக்கும். காய்ந்தபின் பூசினால் காக்கவேண்டிய ஈரமே இராது. இந்த ஒரு பழக்கத்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் முழங்கால் வெண்பூச்சு மறைந்தது. தரை வழுக்கும், முதியோர் கவனமாக இருக்கவேண்டும்.

இரண்டாவது, நலங்கு மாவு. நம் காலனிகள் பலவற்றில் நிலத்தடி நீர் கடின நீராக உள்ளது. அந்நீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு சோப்புடன் கூடிப் பிசுக்காகித் தோலில் படிகிறது. பயற்று மாவு அவ்வாறு பிசுக்கு உண்டாக்காது. அழுக்கையும் மிகையான எண்ணெயையும் ஈர்த்துக்கொண்டு நீரோடு போய்விடும். எங்கள் அளவு இது: பச்சைப்பயறு 500 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ் ஆகியவை ஒவ்வொன்றும் 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம். வெட்டிவேரை இங்கே 'கஸ்' என்று கேட்டு வாங்கலாம். ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் ஊருக்குப் போய்வருவோர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்தால் போதும். எல்லாவற்றையும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வெட்டிவேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஆலையில் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். சலிக்காத மாவிலுள்ள திப்பி தோலைக் கீறும்.

மாவை ஈரமில்லாத டப்பாவில் அடைத்து, குளியலறைக்கு வெளியே வைக்கவேண்டும். குளியலறை ஈரத்தில் வைத்தால் பூசணம் பிடிக்கும், வண்டு வரும். வேண்டிய அளவை மட்டும் கிண்ணத்தில் எடுத்து, கோடையில் தண்ணீரிலும் குளிர்காலத்தில் பாலிலும் குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவ வேண்டும். மூன்று மாதத்திற்கு மேல் ஒரே மாவை வைத்துக்கொள்ளாதிருப்பது நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பட்டியல்களிலும் கடை மாவுகளிலும் கார்போகரிசி சேர்வதுண்டு. வடநாட்டார் இதனை 'பாப்சி' என்பர். மணம் நிறைந்த அந்த விதையில் 'சோராலென்' என்னும் பொருள் உள்ளது. தோலை வெயிலுக்கு மிகவும் கூச்சமுடையதாக்குவது அதன் இயல்பு. வெண்புள்ளி நோய்க்கு மருத்துவர் மேற்பார்வையில் அதனை வெயிலோடு பயன்படுத்துவது அந்த இயல்பினாலேதான். நாள்தோறும் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் வெயிலில் செல்லும் பிள்ளைகளின் குளியல் மாவில் அதற்கு இடமில்லை. எங்கள் பட்டியலிலிருந்து அதனை நீக்கிவிட்டோம்.

மூன்றாவது, தயிர். புளித்த தயிரிலுள்ள அமிலம் மென்மையானது. தோலின் மேலுள்ள காய்ந்த செதிலை மெல்ல நெகிழ்விக்கும். இரண்டு தேக்கரண்டித் தயிரில் ஒரு தேக்கரண்டி கடலைமாவைக் குழைத்து முகத்தில் பூசி, பத்து நிமிடம் கழித்து, முற்றும் காயுமுன் கழுவிவிட வேண்டும். முகம் இறுகிச் சுருங்கும்வரை காயவிடுவதே பலர் செய்யும் பிழை. இறுக்கம் நன்மையின் அடையாளம் என்று அவர்கள் கருதுகிறார்கள். உண்மையில் அது தோலின் ஈரத்தை மாவு உறிஞ்சுவதன் அடையாளமே. வெடித்த தோலிலும் புண்ணிலும் தயிரைப் பூசலாகாது, எரியும்.

நான்காவது, முல்தானி மிட்டி. முல்தான் என்னும் நகரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. அந்நகரம் இன்று பாகிஸ்தானில் உள்ளது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது அங்கிருந்து தில்லிக்கு வந்து குடியேறியவர்கள் பலர். இந்த மண் எண்ணெயை மிகுதியாக உறிஞ்சும். ஆகவே பருவ வயதில் எண்ணெய் வழியும் முகத்திற்குக் கோடையில் வாரம் ஒருமுறை பன்னீரில் குழைத்துப் பூசலாம். ஏற்கெனவே வறண்ட முகத்திற்குக் குளிர்காலத்தில் இதனைப் பூசுவது, தாகம் கொண்டவன் கையிலிருந்து செம்பைப் பிடுங்குவது போலாகும்.

ஐந்தாவது, உதடும் குதிகாலும். வெடித்த உதட்டை நாவால் நனைப்பது வெடிப்பை மிகுவிக்கும்; இரவில் ஒரு துளி நெய் தடவினால் போதும். குதிகால் வெடிப்புக்குத் தேன்மெழுகு ஒரு பங்கும் நல்லெண்ணெய் நான்கு பங்கும் எடுத்து, கொதிநீர் உள்ள பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி, ஆறவிட்டு, சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும். இரவில் காலை இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் வைத்து, துடைத்து, இதனைப் பூசி, பருத்திக் காலுறை அணிந்து உறங்கவேண்டும். ஒரு திங்களில் வேறுபாடு தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கால் வெடிப்பை வீட்டு வைத்தியத்திற்கு விடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்; அவர்களுக்குச் சிறு வெடிப்பும் பெரும் புண்ணாகும்.

கோடைக்கும் மழைக்காலத்திற்கும் உரியவை சில உண்டு. வேர்க்குருவுக்குக் கல்லில் இழைத்த சந்தனமும், காற்றோட்டமான பருத்தி உடையும், குளிர்ந்த நீரும் போதும். தோல் அரிக்கும்போது, சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்துக் குளிக்கும் நீரில் கலந்தால் இதமாக இருக்கும். வெயிலில் கன்றிய தோலுக்குச் சோற்றுக்கற்றாழை நல்லது. மாடத்துத் தொட்டியில் அது எளிதில் வளரும். ஆனால் மடலை வெட்டியவுடன் ஒழுகும் மஞ்சள் நிறப் பால் அரிப்பை உண்டாக்கும். மடலைச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்து அப்பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றை நன்கு கழுவிய பின்னரே பூசவேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். வடநாட்டில் கடுகெண்ணெய் தேய்ப்பது வழக்கம். பெரியவர்களின் தோல் அதனைத் தாங்கலாம். ஆயினும் கடுகின் காரம் பச்சிளங் குழந்தையின் தோலுக்கு ஒவ்வாது, தேங்காயெண்ணெயே போதும். நம்மவர் வழக்கமாகிய, குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதை அறவே நிறுத்தவேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தீங்கு செய்யும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பாட்டிமார் எங்கள்மேல் சினம் கொள்ளலாகாது. பேரனிடம் அவர்களுக்குள்ள அன்பே இதனைச் செய்யத் தூண்டும்.

எல்லாவற்றிற்கும் பொதுவான விதிகள் மூன்று. ஒன்று, புதிய எதனையும் முகத்தில் பூசுமுன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசு அளவு பூசி, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். சிவந்தாலும் அரித்தாலும் அப்பொருள் நமக்கு ஆகாது. இரண்டு, நீர் கலந்த எதுவும் ஒரு நாளைக்கு மேல் தங்காது. சட்னி கெடுவதைப் போலவே பூச்சும் கெடும். மூன்று, மஞ்சட்பொடியைக் கடையில் பொடியாக வாங்காமல், மஞ்சளை முழுதாக வாங்கி அரைப்பதே நன்று. நிறம் கூட்டுவதற்காக ஈயம் கலந்த சாயத்தைப் பொடியில் சேர்க்கும் தீயோரும் உளர். அது தோலுக்கும் உணவுக்கும் ஒருங்கே நஞ்சாகும். சமையற்சோடாவையும் பற்பசையையும் பருவின்மேல் பூசுவது வேண்டா. அவை அதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல.

இதுவரை கூறியவை எளியவை. இனிக் கூறுவது எங்களுக்கு எளிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், எங்கள் பிரிவைச் சேர்ந்த தாய் ஒருவரின் மகளைப் பெண் பார்க்க வருவதாக ஊரிலிருந்து செய்தி வந்தது. பெண் நன்கு படித்தவள், அறிவிற் சிறந்தவள். ஆனால் நிறம் போதாது என்று முன்னரே ஓரிடத்தில் சொல்லக் கேட்டவள். எஞ்சியிருந்தது மூன்று வாரம். நாங்கள் ஐந்தாறு பேர் கூடி யோசனை சொன்னோம். ஒருவர் எலுமிச்சைச் சாறு என்றார். ஒருவர் அதனோடு சர்க்கரை சேர்த்துத் தேய் என்றார். மறுப்பவர் ஒருவரும் இல்லை. தாயும் நாள்தோறும் காலையில் மகளின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் சாற்றைத் தேய்த்தார். எரிகிறது என்றாள் மகள். எரிந்தால்தான் வெளுக்கும் என்று சொன்னவர்கள் நாங்களே.

அது வடாம் இடும் காலம். ஒரு நாள் சாறு தேய்த்த கையோடும் முகத்தோடும் அவள் மொட்டை மாடியில் நண்பகல்வரை இருந்து வடாம் பிழிந்தாள். மறுநாள் முகமும் கைகளும் சிவந்தன. அதற்கு அடுத்த நாள் கொப்புளம் எழுந்தது. கொப்புளம் ஆறியபின், சாறு வழிந்த தடமெல்லாம் கரிய கோடுகளாக நின்றன.

தோல் மருத்துவர் காரணத்தை விளக்கினார். எலுமிச்சை, சாத்துக்குடி போன்றவற்றின் சாற்றிலும் தோலிலும் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைத் தீய்த்துவிடும். கார்போகரிசியின் குணமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. சாற்றின் புளிப்போ தோலின் புளிப்பைவிடப் பன்மடங்கு கடியது. சர்க்கரை மணிகள் தோலைக் கீறி அதற்கு வழி திறந்துவிட்டன. முன்பு கூறிய 5, 2 என்னும் எண்களை இப்பொழுது நினைவுகொள்ளுங்கள். அந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது; மூன்று எண் குறைந்தால் ஆயிரம் மடங்கு.

கோடுகள் மங்க ஐப்பசி ஆயிற்று. பெண் பார்க்கும் ஏற்பாட்டை அப்பெண்ணே வேண்டா என்று நிறுத்திவிட்டாள். அன்று அவள் தாயை நோக்கிக் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா, எனக்கு என்ன நோய் என்று இத்தனை மருந்து போட்டீர்கள்?" தாயிடம் விடை இல்லை, யோசனை சொன்ன எங்களிடமும் இல்லை. அவள் இன்று நல்ல பணியில் இருக்கிறாள். இந்த அவையிலும் இருக்கிறாள். அவளுடைய இசைவு பெற்றே இதனைக் கூறுகிறோம். "சொல்லுங்கள், ஆனால் என்னைப் பார்த்து இரங்கும்படி சொல்லாதீர்கள்" என்பது அவள் விதித்த ஒரே நிபந்தனை.

அக்கேள்விக்கு இன்று விடை கூற முயல்கிறோம். கருநிறம் நோயன்று. தோலிலுள்ள 'மெலனின்' என்னும் நிறப்பொருள், வெயிலின் கொடிய கதிர்களைத் தாங்கித் தோலின் செல்களைக் காக்கும் இயற்கைக் குடையாகும். தயிரும் பயற்று மாவும் தோலைத் தூய்மையாக்கும், மென்மையாக்கும், பளபளப்பு தரும். பிறவி நிறத்தை மாற்றும் ஆற்றல் அடுக்களையில் எந்த டப்பாவிலும் இல்லை. வெயிலால் கறுத்ததைக் குறைக்கவேண்டுமானால் குடை பிடிக்கலாம், முந்தானையால் மறைத்துக்கொள்ளலாம், வெயில் தடுக்கும் களிம்பைக் கடையில் வாங்கலாம். அந்த ஒன்றை மட்டும் அடுக்களையில் செய்ய இயலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

நம் சங்க இலக்கியம் பயின்றவர்கள் 'மாமை' என்னும் சொல்லை அறிவார்கள். மாந்தளிரின் நிறம் போன்ற அந்த மேனி வண்ணத்தையே புலவர்கள் தலைவியின் அழகாகப் போற்றினர். தலைவன் பிரிந்தபோது அந்த மாமை கெட்டு, பீர்க்கம்பூப் போல வெளிறிய பசலை படர்ந்தது என்று பாடினர். வெளிறுவதே நோய், மாமை திரும்புவதே நலம். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வெளிறலுக்கு வருந்திய இனத்தில் பிறந்த நாம், இன்று வெளிறலை வேண்டி எலுமிச்சை பிழிகிறோம். இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்த வேட்கையைக் கடைத்தெரு நன்கு அறியும். 1975ஆம் ஆண்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் பெயரில் வந்த களிம்பு, 2020ஆம் ஆண்டில் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. பெயர் மாறியது நன்று. நம் நெஞ்சம் மாறியதா என்பதே கேள்வி. அதனினும் கொடியவை சில உண்டு. பெயர் தெரியாத வெண்மைக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் காணப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து உள்ளது. அது முதலில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, பின்னர்த் தோலை மெலிவித்து, செந்நரம்புகள் தெரியச் செய்யும். படர்தாமரையின்மேல் பூசினால் அந்நோயை மறைத்துப் பரப்பும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018ஆம் ஆண்டில் மைய அரசு ஆணையிட்டது. ஆணையைக் காப்பது கடைக்காரர் கையில் மட்டும் இல்லை. வாங்கும் நம் கையிலும் உள்ளது.

மருத்துவரிடம் உடனே செல்லவேண்டிய குறிகளையும் சொல்லிவிடுகிறோம். உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு, நாட்பட்டும் ஆறாத புண், நிறமோ வடிவோ மாறி வளரும் மச்சம், வட்டமாகப் பரவும் அரிப்பு ஆகியவற்றிற்கு அடுக்களையில் மருந்து தேடிக் காலத்தை வீணாக்கலாகாது.

பெருமக்களே, எங்கள் உரையின் பயனாக இரண்டு வேண்டுகோள்களைச் செயற்குழுவின் முன் வைக்கிறோம்.

முதலாவது எளியது. வரும் தீபாவளிக்கு முன், மாதர் பிரிவின் பொறுப்பில், நலங்கு மாவுக்கான பொருள்களை ஒன்றாக வரவழைத்துச் சங்கக் கட்டடத்தின் மாடியில் காயவைத்து அரைத்து, அடக்க விலைக்கே குடும்பங்களுக்கு வழங்க எண்ணியுள்ளோம். அதற்கு மாடியும் இரண்டு நாள் வெயிலும் வேண்டும். மாடியைச் செயற்குழு தரட்டும், வெயிலைத் தில்லி தரும். பீஜியும் தம் கடலைமாவுடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆண்மக்களும் வரலாம், எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கும் உண்டு, அரைக்கும் கடமையும் உண்டு.

இரண்டாவது, சங்கத்தின் மணமக்கள் பதிவேட்டைப் பற்றியது. நல்ல எண்ணத்துடன் பல ஆண்டுகளாக நடைபெற்றுவரும் அந்த ஏட்டில், பெயர், வயது, கல்வி, பணி என்னும் கட்டங்களுக்குப் பின் 'நிறம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தாய்மார்களாகிய நாங்களே அதில் நம் மகளிரைப் பற்றி 'மாநிறம்' என்றும் 'சற்றுக் குறைவு' என்றும் எழுதி வந்திருக்கிறோம். எதைவிடக் குறைவு என்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்டதில்லை. அடுத்த ஏடு அச்சாகும்போது அந்தக் கட்டத்தை நீக்கிவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். முதலில் தவறு செய்தவர்கள் என்ற முறையில், எங்கள் வீட்டுப் படிவங்களில் அதனை இன்றே அடித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளின் தலையில் எண்ணெய் வைக்கும்போது, அந்தக் கை அவளைத் திருத்துவதற்காக நீளும் கையாக இராமல், அவளைப் பேணும் கையாக இருக்கட்டும். எண்ணெய் ஒன்றுதான், கையின் நினைப்பு வேறு. அதைப் பிள்ளைகள் அறிவார்கள்.